புள்ளிக் குதிரையும் அரபு ரத்தமும்: எங்கள் சின்னப் பண்ணையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் பலூஸ் என்றொரு மேட்டு நிலம் இருக்கிறது. கோதுமையும் மைசூர்ப் பருப்பும் விளைகிற சீமை. அங்கே எங்களுக்கு 14 ஏக்கர். மூன்று பெட்டைக் குதிரைகள், அந்தந்த வருஷத்துக் குட்டி, காயடித்த கிழட்டுக் குதிரை ஒன்று. அப்பலூசா என்ற புள்ளிக் குதிரையையும் அரபுக் குதிரையையும் சேர்த்துக் குட்டி எடுக்கிறோம். இந்தக் கலப்புக்கு இங்கே அரா-அப்பலூசா என்று பெயர். ஊரிலிருந்து போன் பண்ணும் சொந்தக்காரர்களும், இங்கே குதிரை வாங்க ஆசைப்படும் தமிழ் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

அப்பலூசா என்பது என்ன மாதிரிக் குதிரை? பெயரே புதிதாக இருக்கிறதே.

எங்கள் பக்கம் ஓடும் ஆற்றின் பெயரும் பலூஸ்தான். அந்தப் பக்கத்துக் குதிரையைக் குடியேறிய வெள்ளைக்காரர்கள் 'எ பலூஸ்' என்று சொல்லிச் சொல்லி அப்பலூசா ஆனது என்பார்கள். வளர்த்தவர்கள் நெஸ் பெர்ஸ் பழங்குடியினர். நல்ல ஆண் குதிரையை மட்டும் பொலிக்கு விட்டு, மற்றவற்றைக் காயடிக்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. 1806-இல் அமெரிக்க அரசு அனுப்பிய பயணக் குழுவோடு இந்தப் பக்கம் வந்த மெரிவெதர் லூயிஸ், அவர்களுடைய குதிரைகளைப் புகழ்ந்து, சிலவற்றின் உடம்பில் பெரிய வெள்ளைத் திட்டுகள் இருந்ததையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அப்புறம் 1877. அமெரிக்கப் படை துரத்த, பெண்களும் பிள்ளைகளுமாக ஆயிரம் மைலுக்கு மேல் ஓடிய நெஸ் பெர்ஸ் மக்கள், கனடா எல்லைக்கு 40 மைல் இருக்கும்போது மொன்டானாவில் மாட்டிக்கொண்டார்கள். அக்டோபர் 5 அன்று தலைவர் ஜோசப் சரணடைந்தார். மந்தைகள் பறிபோயின. தப்பியவை பண்ணைகளில் கனத்த ஏர்க் குதிரைகளோடு கலந்து, பழைய உடல்வாகு மறையத் தொடங்கியது. 1938-இல்தான் அப்பலூசா குதிரைச் சங்கம் தொடங்கியது. அதன் தலைமையகம் மாஸ்கோவில் இருக்கிறது. பயப்பட வேண்டாம், இது ஐடஹோ மாநிலத்து மாஸ்கோ.

இதில் அரபுக் குதிரை எப்படி வந்தது? நீங்களாகச் செய்யும் கலப்பா?

இல்லை, சங்கத்தைத் தொடங்கியவரே செய்த கலப்பு. கிளாட் தாம்ப்ஸன் ஆரிகன் மாநிலத்தில் மோரோ என்ற ஊரில் கோதுமை விவசாயி. ஏர்க் குதிரையோடு கலந்து தடித்துப்போன அப்பலூசாவை மறுபடி சவாரிக் குதிரையாக்க அரபு ரத்தம் வேண்டும் என்று நினைத்தார். ஃபெர்ராஸ் என்ற அரபுப் பொலிகுதிரையைப் பயன்படுத்தினார். அதற்கும் பெயின்டர்ஸ் மார்வெல் என்ற பெட்டைக்கும் 1946-இல் பிறந்த ரெட் ஈகிள், அந்தத் தலைமுறையின் பேர்போன பொலிகுதிரையானது. பின்னாளில் குவார்ட்டர் குதிரை என்ற இன்னொரு அமெரிக்க இனத்தின் ரத்தம்தான் அப்பலூசாவில் அதிகம் புகுந்தது. அதனால் இன்றைய அப்பலூசா பலதும் தசை திரண்ட மாட்டுப் பண்ணைக் குதிரையாக இருக்கும். எங்களைப் போன்றவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது பழைய வழியை.

அரபுக் குதிரையிடமிருந்து என்ன கிடைக்கிறது?

முதலில் மூச்சு. 100 மைல் தூரப் பந்தயங்களில் முன்னால் வருவது பெரும்பாலும் அரபுதான். கலிஃபோர்னியாவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கோப்பை என்ற 100 மைல் குதிரைப் பந்தயம் அதற்குச் சாட்சி. குட்டை முதுகு, இறுகிய எலும்பு, நல்ல வால் எல்லாம் கூடவே வரும். பழைய அப்பலூசாவின் வால் நம் வீட்டுத் துடைப்பம் தேய்ந்த மாதிரி இருக்கும், பிடரியும் அப்படித்தான். கலப்புக் குட்டிக்கு அந்தக் குறை பாதியாவது தீர்ந்துவிடும்.

அப்பலூசா கொடுப்பது நிதானம். அரபு சீக்கிரம் கற்றுக்கொள்ளும், அதைவிடச் சீக்கிரம் மிரளும். பிளாஸ்டிக் பை ஒன்று காற்றில் பறந்தால் போதும். கலப்புக் குட்டி பையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புல் மேயப் போகும். எல்லாக் குட்டியும் இப்படி அமையும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். தருகிறவர்களிடம் குதிரை வாங்காதீர்கள்.

தூய அரபுக் குதிரையிலேயே புள்ளி உள்ளது இருக்கிறதாமே? படம்கூட அனுப்பினார்கள்.

எனக்கும் அனுப்பினார்கள். அது வயதாகி வெளுத்த மயிலை நிறக் குதிரை. வெள்ளை ரோமத்துக்கு நடுவே கடுகு தூவிய மாதிரி செம்புள்ளிகள் வரும். சிறுத்தைப் புள்ளிக்கும் அதற்கும் உறவே கிடையாது. நாலு காலும் நெற்றியும் வெளுத்த பஞ்சகல்யாணிகள் அரபில் நிறைய உண்டு. அந்த வெள்ளையும் வேறு கணக்கு. அப்பலூசாவின் புள்ளி மரபணு தூய அரபில் இல்லை.

சரி, அந்தப் புள்ளி எப்படித்தான் வருகிறது?

இது கொஞ்சம் நீளும். வாங்க வருகிறவர்கள் ஏமாறுகிற இடம் என்பதால் விளக்கியே ஆக வேண்டும்.

முதல் மரபணுவை எல்பி என்பார்கள். டிஆர்பிஎம்1 என்ற மரபணுவுக்குள் ஒரு வைரஸ் துண்டு என்றைக்கோ போய் உட்கார்ந்துகொண்டதால் வந்தது என்று 2013-இல் கண்டுபிடித்தார்கள். எந்த மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதியாக வரும். எல்பி ஒரு பிரதி இருந்தாலே அப்பலூசாவின் அடையாளங்கள் தெரியும்: மூக்கு நுனியிலும் வால் அடியிலும் தோல் திட்டுத் திட்டாக இருக்கும், குளம்பில் கறுப்பு வெள்ளைக் கோடு ஓடும், நம் கண்போல விழிவெண்படலம் வெளியே தெரியும். ரோமத்தில் புள்ளி எவ்வளவு என்பதை வேறு மரபணுக்கள் முடிவு செய்யும். அவற்றில் முக்கியமானது பேட்டர்ன்-1. எல்பி விளக்கு என்றால் பேட்டர்ன்-1 அதன் திரியைத் தூண்டுகிற கை. எல்பி இல்லாத குதிரையில் பேட்டர்ன்-1 இருந்தாலும் வெளியே தெரியாது.

எல்பி ஒன்று, கூடவே பேட்டர்ன்-1 என்றால் உடம்பு முழுக்க வெள்ளை, அதில் கரும்புள்ளி. இதுதான் எல்லோரும் ஆசைப்படும் சிறுத்தைப் புள்ளி. பேட்டர்ன்-1 இல்லாவிட்டால் இடுப்பில் போர்வை போர்த்திய மாதிரி வெள்ளை வரலாம், அல்லது ஒன்றுமே வராமல் வயதாக ஆக உடம்பில் நரை கலக்கலாம். எல்பி இரண்டு பிரதி இருந்தால் புள்ளியே குறைந்துவிடும். பேட்டர்ன்-1-ம் சேர்ந்தால் குதிரை கிட்டத்தட்ட முழு வெள்ளையாக, அங்கங்கே நாலைந்து புள்ளியோடு நிற்கும். அதை ஃபியூஸ்பாட் என்பார்கள்.

எங்கள் மல்லி அப்படிப்பட்டவள். பெயருக்கு ஏற்ற நிறம். பார்க்க வருகிறவர்கள் மல்லியைத் தாண்டிப் போய், "புள்ளிக் குதிரை எங்கே?" என்று கேட்பார்கள். ஆனால் எங்கள் பண்ணையின் மூலதனமே அவள்தான். இரண்டு பிரதி வைத்திருப்பதால் எந்த அரபுக் குதிரையோடு சேர்த்தாலும் குட்டிக்கு ஒரு எல்பி நிச்சயம். பேட்டர்ன்-1 அவளிடம் ஒரு பிரதிதான், அதனால் குட்டிகளில் பாதிக்குத்தான் அது கிடைக்கும். ஒரே ஒரு எல்பி உள்ள புள்ளிப் பெட்டையை வாங்கியிருந்தால் எல்பி-யே பாதிக்குப் பாதிதான். வருஷத்துக்கு ஒரே குட்டி எடுக்கிற பண்ணைக்கு அது பெரிய சூதாட்டம்.

வெள்ளை அரபுக் குதிரையோடு சேர்த்தால் இன்னும் அழகாக இருக்காதா?

வேண்டாம். அந்தத் தப்பை நானே செய்தேன்.

அரபில் பலதும் மயிலை நிறம். பிறக்கும்போது செவலையாகவோ கறுப்பாகவோ இருக்கும், வருஷா வருஷம் நரைத்துப் பத்து வயதுக்குள் வெளுத்துவிடும். அந்த நரை மரபணு எந்த நிறத்தையும் அழித்துவிடும், புள்ளியையும் சேர்த்துத்தான். நான் முதலில் தேர்ந்தெடுத்த அரபு ஒரு மயிலை. வம்சமும் நடையும் அவ்வளவு நன்றாக இருந்தன. அதனிடம் நரை மரபணு ஒரு பிரதிதான், குட்டிக்குப் போகாமலிருக்கப் பாதி வாய்ப்பு உண்டு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சித்திரையில் குட்டி பிறந்தது, பெட்டை, அச்சடித்த மாதிரி சிறுத்தைப் புள்ளி. சித்திரை என்றே பெயர் வைத்தோம். நாலாம் மாதம் குட்டி ரோமம் உதிர்ந்தபோது கண்ணைச் சுற்றிச் சாம்பல் வளையம் தெரிந்தது, மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இப்போது ஆறு வயது, வெள்ளை வெளேரென்று இருக்கிறாள். குளிப்பாட்டும்போது மட்டும் நனைந்த ரோமத்துக்கு அடியில் தோலின் கரும்புள்ளிகள் எழுந்து வரும், காய்ந்ததும் போய்விடும்.

நரைக்கும் குதிரைகளுக்கு வயதான பிறகு வாலடியில் கறுப்புக் கட்டிகள் வரும் தொல்லையும் உண்டு. ஆகவே எங்கள் விதி: செவலை, கறுப்பு, பழுப்பு அரபு மட்டும்.

மல்லிக்குக் கண் தெரியாது என்று கேள்விப்பட்டேன்.

பகலில் நன்றாகத் தெரியும். இருட்டில் தெரியாது. எல்பி இரண்டு பிரதி உள்ள எல்லாக் குதிரைக்கும் பிறவியிலேயே மாலைக்கண் உண்டு. புள்ளி தருகிற அதே மரபணுதான் விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தை மூளைக்குக் கடத்தும் வேலையையும் செய்கிறது. அது கெட்டால் இதுவும் கெடும். வயதோடு கூடாது, குறையாது.

பொழுது சாய்கிற நேரத்தில் மல்லியைப் பார்த்தால் தெரியும். லாயத்தின் நிழல் தரையில் விழும் கோட்டுக்கு வந்ததும் நின்றுவிடுவாள். தலையைத் தாழ்த்தி, அது பள்ளமா நிழலா என்று மோந்து பார்ப்பாள். நான் தீனி வாளியைத் தட்டினால் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வருவாள். ஆறு மணிக்கு மேல் அவளை யாரும் பேசாமல் தொடக் கூடாது. லாயத்தில் இரவு முழுக்க ஒரு விளக்கு எரியும், வேலியை மாற்றினால் பகலில் நடத்திக் காட்டிவிடுவோம், முள்கம்பி எங்கள் நிலத்திலேயே கிடையாது. அவ்வளவுதான்.

அரபோடு கலக்கும்போது ஒரு நன்மை இங்கேதான். தூய அரபிடம் எல்பி இல்லை, ஆகவே முதல் தலைமுறைக் குட்டி எதற்கும் இரண்டு பிரதி வர வழியில்லை, மாலைக்கண்ணும் வராது.

வேறு கண் நோய் ஏதாவது?

உண்டு, அதுதான் உண்மையான கவலை. திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் அழற்சி வருகிற நோய். நிலவின் வளர்பிறை தேய்பிறைக்கேற்ப வருகிறது என்று நம்பி அந்தக் காலத்தில் 'நிலாக் குருடு' என்றார்கள். மற்ற இனங்களைவிட அப்பலூசாவுக்கு இது வரும் வாய்ப்பு எட்டு மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எல்பி இரண்டு பிரதி என்றால் அபாயம் கூடுதல், ஒன்று என்றால் குறைவு. ஆனாலும் இல்லாமல் போகாது. குதிரை ஒரு கண்ணைச் சுருக்கினாலோ, நீர் வடிந்தாலோ, விழியில் நீலப் புகை படிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டர். வாங்கும்போது குதிரைக் கண்ணைக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் கிளம்பிவிடுங்கள்.

ஊரில் சுழி பார்த்துத்தான் குதிரை வாங்குவார்கள். அங்கே என்ன பார்ப்பீர்கள்?

என் தாத்தா இருந்திருந்தால் மல்லியின் நெற்றிச் சுழியைத்தான் முதலில் பார்த்திருப்பார். நாங்கள் பிடரியிலிருந்து வேரோடு இருபது முப்பது ரோமம் பிடுங்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறோம். ரோமத்தின் வேர்தான் முக்கியம், கத்தரித்தால் பயனில்லை.

அரபு பக்கம் நாலு நோய் பார்க்க வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் குட்டி சில மாதங்களில் சாகும் எஸ்சிஐடி, சிறுமூளை தேய்ந்து தலை ஆடி நடை தள்ளாடும் நோய், வெளிறிய நிறத்தில் பிறந்து எழுந்து நிற்கவே முடியாமல் சாகும் லாவெண்டர் குட்டி நோய், கழுத்தெலும்பு கோணலாக அமையும் நோய். நாலும் தாய் தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் குட்டியைத் தாக்கும். அதனால் "அப்பலூசாவோடுதானே சேர்க்கிறோம், சோதனை எதற்கு?" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். முதல் குட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அது நோயைச் சுமக்கும். நாளைக்கு அதே மாதிரி சுமக்கும் இன்னொரு அரா-அப்பலூசாவோடு அதைச் சேர்த்தால் நாலில் ஒரு குட்டி போச்சு. குவார்ட்டர் குதிரை ரத்தம் உள்ள அப்பலூசா என்றால் தசை நோய்களுக்கும் சேர்த்துச் சோதனை எழுதிக் கொடுங்கள்.

பொலிகுதிரை வைத்திருக்கிறீர்களா?

இல்லை. 14 ஏக்கரில் அதற்குத் தனி வேலி, தனி லாயம், பழக்கத் தெரிந்த ஆள் எல்லாம் வேண்டும். அந்தச் செலவில் நல்ல அரபின் விந்தைப் பல வருஷத்துக்கு வாங்கலாம். குளிரூட்டிய பெட்டியில் கூரியரில் வரும், ஒன்றிரண்டு நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

அதனால் முழு வேலையும் பெட்டை பருவத்துக்கு வரும் நாளைப் பிடிப்பதில் இருக்கிறது. பகல் நீளும் மாதங்களில்தான் குதிரை பருவத்துக்கு வரும், 21 நாளைக்கு ஒரு முறை, ஐந்தாறு நாள் நீடிக்கும். டாக்டர் ஸ்கேன் பார்த்து, கருமுட்டைப் பை 35 மில்லிமீட்டருக்கு மேல் வந்ததும் "இன்றைக்கு அனுப்பச் சொல்" என்பார். அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் சொல்வார், கூரியர் மூடிய பிறகு.

14-16 நாளில் மறுபடி ஸ்கேன். சினையா என்பதைவிட இரட்டையா என்று பார்க்கத்தான் இந்தத் தேதி. குதிரைக்கு இரட்டைக் குட்டி ஆகாது, பெரும்பாலும் இரண்டும் போய்விடும். அந்த நாளில் பார்த்தால் ஒன்றை நசுக்கி மற்றதைக் காப்பாற்ற முடியும்.

குட்டி ஈனும்போது என்ன செய்வீர்கள்?

பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். சினைக்காலம் சுமார் 340 நாள், முன்னே பின்னே 20 நாள் தள்ளும். இங்கே ஏப்ரலிலும் பனி கொட்டும், அதனால் மே மாதக் கணக்கில் வைப்போம். காம்பு நுனியில் மெழுகு மாதிரி கட்டினால் அன்றோ மறுநாளோ என்று அர்த்தம். அதுவும் நடுராத்திரியில்தான், நாம் டீ போடப் போன நேரமாகப் பார்த்து.

பனிக்குடம் உடைந்தால் அரை மணிக்குள் குட்டி வெளியே வர வேண்டும். முதலில் தெரிவது நீல வெள்ளையான சவ்வு, அதற்குள் இரண்டு முன்னங்கால், மேலே மூக்கு. சிவப்பாக வெல்வெட் மாதிரி ஒரு பை முதலில் வந்தால் நஞ்சுக்கொடி முன்னாலேயே பிரிந்துவிட்டது, குட்டிக்குக் காற்று போகவில்லை. டாக்டருக்கு போன் பண்ண நேரமில்லை, அங்கேயே கிழித்துக் குட்டியை இழுக்க வேண்டும். எங்கள் லாயக் கதவில் இதற்காகவே ஒரு கத்தரிக்கோல் தொங்குகிறது. இதுவரை தேவைப்படவில்லை.

பிறந்த குட்டியின் குளம்பைப் பார்த்தால் முதல்முறை பார்ப்பவர் பயந்துவிடுவார். தாயின் வயிற்றைக் கிழிக்காமலிருக்க, இளநீர் வழுக்கை மாதிரி வழவழவென்று வெள்ளைச் சதை மூடியிருக்கும். எழுந்து நடந்ததும் உதிர்ந்துவிடும். அதற்குக் கீழேதான் கோடு இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்துக்குள் தாய்க்கு நஞ்சுக்கொடி முழுதாக விழ வேண்டும். இதில் எது தவறினாலும் டாக்டரைக் கூப்பிடுவோம். நஞ்சுக்கொடியை வாளியில் போட்டு வைத்து, விரித்துப் பார்த்து, துண்டு எதுவும் உள்ளே தங்கவில்லை என்று உறுதி செய்வோம். குதிரைக் குட்டிக்குத் தாய் வயிற்றில் எதிர்ப்புச் சக்தி கிடைப்பதில்லை, எல்லாம் சீம்பாலில்தான். முதல் நாளிலேயே குடித்தாக வேண்டும், மறுநாள் குடல் அதை ஏற்காது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

என்ன தீனி? கொள்ளு வைப்பீர்களா?

அது இங்கே கிடைக்காது. புல்தான் சாப்பாடு. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு உலர்ந்த புல் என்று கணக்கு. 450 கிலோ குதிரைக்கு நாளைக்கு 9 கிலோ, வருஷத்துக்கு மூன்று டன்னுக்கு மேல். பால் கொடுக்கும் தாய்க்குக் குதிரை மசால் சேர்ப்போம். மிஸௌரி, கென்டக்கி பக்கம் பண்ணை வைக்கிறவர்கள் ஃபெஸ்க்யூ என்ற புல்லைப் பற்றி விசாரியுங்கள். அதில் குடியிருக்கும் பூஞ்சை பாலை வற்றவைத்து, ஈனுவதையும் தள்ளிப்போடும். கடைசி இரண்டு மூன்று மாதம் சினைக் குதிரையை அந்த மேய்ச்சலிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

குட்டியை எந்தச் சங்கத்தில் பதிவு செய்வது?

தாயும் தகப்பனும் பதிவானவை என்றால் இரண்டிலும் பதியலாம். அப்பலூசா சங்கம் அரபுக் கலப்பை ஏற்கும், அரபுக் குதிரைச் சங்கத்தில் பாதி-அரபு என்று தனிப் பதிவு இருக்கிறது. அப்பலூசா பக்கம் புள்ளி, அல்லது திட்டுத் தோலோடு இன்னொரு அடையாளம் இருந்தால் முழுப் பதிவு. ஒன்றும் இல்லாவிட்டால் வேறு வகைப் பதிவு, கட்டுப்பாடுகளும் கூடும். தலைவர் ஜோசப் போன வழியில் வருஷத்துக்கு 100 மைலாகச் சங்கம் நடத்தும் சவாரிக்குப் பதிவான அப்பலூசாவைத்தான் விடுவார்கள். முழு வழியும் முடிக்க 13 வருஷம். நாங்கள் இரண்டு வருஷம் போயிருக்கிறோம்.

பிறக்கும்போது இருக்கும் புள்ளி அப்படியே இருக்குமா?

சிறுத்தைப் புள்ளி ஓரளவு நிலைக்கும். மற்றது மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு வயதில் எடுத்த படத்தை வைத்து ஏழு வயதில் அடையாளம் காண முடியாத குதிரைகள் உண்டு. ஒரு வயதுக் குட்டியை நிறத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்து வாங்காதீர்கள்.

லாபம் வருகிறதா?

என் மனைவி சம்பளத்துக்குப் போகிறாள். வைக்கோல் வாங்குகிறோம், டாக்டருக்குக் கொடுக்கிறோம், குட்டி விற்கிறோம். சில வருஷம் கணக்கு நேராகும். விலை போகும் குட்டி என்றால் கயிற்றில் நடக்க, கால் தூக்கிக் காட்ட, வண்டியில் ஏறப் பழகியிருக்க வேண்டும். புள்ளி ஆளை வேலி வரைக்கும் கூட்டி வரும், பணம் எடுக்க வைப்பது இந்தப் பழக்கம்தான். விற்க வாய்ப்பில்லை என்று தெரிந்த வருஷம் மல்லியைச் சினைக்கு விடுவதில்லை.

நேரில் வந்து பார்க்கலாமா?

தாராளமாக. மே கடைசி வாரத்துக்குப் பிறகு வாருங்கள், அப்போது குட்டி ஓடுவதைப் பார்க்கலாம். ஷூ போட்டு வாருங்கள். வெல்லம் கொண்டு வர வேண்டாம், சித்திரைக்குப் பை மோந்து பார்க்கும் கெட்ட பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. சாயங்காலம் ஆகிவிட்டால் மல்லியின் பக்கம் போகும்போது பேசிக்கொண்டே போங்கள். தமிழ் அவளுக்குப் புரியும்.